மடக்குப் படிகளுக்குப் பின்னால்

வார்னிஷ் அடித்த பலகையில் செலோடேப் ஒட்டக்கூடாது ஐயா. பிரிக்கும்போது பூச்சும் சேர்ந்து உரிந்து வரும். பத்தொன்பது வருடமாக இதை நான் தொண்டை வறளச் சொல்லியும் ஒரு வகுப்பாவது காதில் போட்டுக்கொண்டதில்லை. ஒவ்வொரு விழா முடிந்ததும் ஈரத்துணியும் பொறுமையுமாக நான்தான் உட்கார்ந்து சுரண்ட வேண்டும். ஆனால் அவர்களிடம் கோபித்துக்கொள்ள எனக்கு மனம் வந்ததில்லை. எங்கள் கல்லூரிக்கு வருகிறவர்கள் அப்படி.

அது சமுதாயக் கல்லூரி என்பது உங்களுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்திலிருந்து நேராக வரும் பிள்ளைகள் பாதிப் பேர்தான். மீதிப் பேர் லாரி ஓட்டுகிறவர்கள், முடி திருத்துகிறவர்கள், பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டுப் பாடம் படிக்கும் அம்மாக்கள். வேறு கல்லூரிப் பிள்ளைகளுக்கு ஆயிரம் விழா வரும். இவர்களுக்கு நிறைவு நாள் ஒன்றுதான். அன்றைக்கு மேடையேறிக் கைதட்டு வாங்கிவிட்டு மறுநாள் வேலைக்குப் போய்விடுவார்கள். மண்டபப் பொறுப்பாளன் என்ற முறையில் அந்த ஒரு நாளைக் கெடுத்துவிடக்கூடாது என்பதில் நான் கறாராக இருந்தேன். என் காலத்தில் எந்த நிகழ்ச்சியும் ஐந்து நிமிடம்கூடத் தாமதமாகத் தொடங்கியதில்லை. எழுதிக்கொள்ளுங்கள், அது உண்மை.

நீங்கள் கேட்பது படிகளைப் பற்றி. மண்டபத்தின் பின்சுவரை ஒட்டி இருக்கைகள் பன்னிரண்டு வரிசை, படிப்படியாக. சாவியைப் போட்டுப் பொத்தானை அழுத்தினால், மேசை இழுப்பறைபோல ஒன்றுக்குள் ஒன்று போய், கடைசியில் வெறும் பலகைச் சுவராக நின்றுவிடும். முழுதும் மூட நான்கு நிமிடம். விரலை எடுத்தால் நின்றுவிடும். பாதியில் நின்றால் தண்டவாளம் கோணிக்கொள்ளும், கம்பெனி ஆள் வந்துதான் சரிசெய்ய வேண்டும். அதனால் மூடுவதற்கு முன்னால் பக்கவாட்டுக் கதவு வழியே உள்ளே போய், டார்ச் அடித்து, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நடந்து பார்க்க வேண்டும். அந்த விதியை எழுதிச் சுவரில் ஒட்டியவனே நான்தான்.

ஷிப்ட் அக்காவுக்கு அந்த இடத்தைக் காட்டியதும் நான்தான்.

பிள்ளைகள் வைத்த பெயர் அது. இரவெல்லாம் துணி ஆலையில் நின்றுவிட்டு, காலையில் நேராக வகுப்புக்கு வருவாள். முதியோரைப் பராமரிக்கும் படிப்பு. இரண்டு குழந்தைகள், அடுப்படி அகலத்துக்கு ஒரு வீடு. ஒருநாள் என்னிடம் வந்து நின்றாள்.

“அண்ணா, மத்தியான வகுப்புக்கு முன்னாடி ஒரு மணி நேரம் கண்ணை மூடணும். வீட்டுக்குப் போனா பசங்க விடமாட்டாங்க. எங்கயாச்சும் ஒரு மூலை இருக்கா?”

படிகளுக்கு அடியில் இருட்டாக, வெதுவெதுப்பாக இருக்கும். பழைய உடற்பயிற்சி மெத்தை ஒன்றைப் போட்டுக் கொடுத்தேன். விதிக்கு விரோதம்தான். காதும் காதும் வைத்தாற்போல நடந்த விஷயம். அவளுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும். நான் இளகின மனசுக்காரன் என்பதற்கு இதைச் சொல்கிறேன்.

தவிர, அவளுக்கு நான் கடமைப்பட்டிருந்தேன். என் மகளும் அந்த வகுப்புதான். மகளுக்குச் சின்ன வயதிலிருந்தே திக்கும். நாலு பேர் பார்த்தால் போதும், முதல் எழுத்திலேயே மாட்டிக்கொள்வாள், முகம் சிவந்துவிடும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவுக்குப் பதில் சொல்ல முடியாமல் அழுதுகொண்டு வந்த பெண். அவளை மைக் முன்னால் நிறுத்தி நிறைவு நாளைத் தொகுத்து வழங்கவைக்கிறேன் என்று கிளம்பினாள் ஷிப்ட் அக்கா. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் இரண்டு மாதம் தினமும் சாப்பாட்டு வேளையில் மகளை உட்காரவைத்து, “அவசரமே இல்லடி. பஸ்ஸா போகுது? மெதுவா வா” என்று சொல்லிச் சொல்லி, அந்த நாக்கை அவிழ்த்துவிட்டாள். பெற்றவனால் முடியாததை அவள் செய்தாள்.

நிறைவு நாளன்று காலையில் மண்டபத்தில் ஒரு பிரமுகரின் சொற்பொழிவு. பன்னிரண்டுக்கு முடிக்க வேண்டியவர் ஒரு மணி வரை ஜவ்வாக இழுத்தார். இரண்டு மணிக்கு விழா. படிகளை மூடித் தரையைக் காலியாக்கி, மேசை நாற்காலி போட்டு, ஒலிபெருக்கி கட்டி, எல்லாம் ஒரு மணி நேரத்தில். பிள்ளைகள் தோரணமும் கையுமாகக் கதவருகே காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு நின்றார்கள். “சீக்கிரம் ஹால் அண்ணா, சீக்கிரம்” என்று ஒரே பாட்டு. நான் உள்ளே போகவில்லை. பக்கவாட்டுக் கதவைத் திறந்து, சட்டத்தில் மூன்று தட்டுத் தட்டி, யாராவது இருக்கிறீர்களா என்று குரல் கொடுத்தேன். பதில் இல்லை. விழா நாளன்று அங்கே படுக்காதே என்று முந்தின நாளே அவளிடம் சொல்லியிருந்தேன். தலையாட்டினாள்.

அன்றைக்கு அவளுக்கு இரட்டை ஷிப்ட் என்று பிற்பாடுதான் தெரிந்தது. சொற்பொழிவு நடக்கும்போதே போய்ப் படுத்திருக்கிறாள். இடிந்து விழுந்தாலும் எழாத தூக்கம்.

ஒன்பதாவது வரிசை உள்ளே போகும்போது மோட்டார் சத்தம் கனத்தது. ஏதோ ஒரு குரல்போலவும் கேட்டது. விரலை எடுக்கவில்லை. மெத்தையாக இருக்கும் என்று நினைத்தேன். மெத்தைக்குக் குரல் கிடையாது என்று நீங்கள் சொல்லலாம். அதை நானும் பிறகு பலமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

படிகள் மூடிய பலகைச் சுவரில் பிள்ளைகள் வகுப்பு முழுவதின் புகைப்படங்களையும் ஒட்டினார்கள். செலோடேப்தான், வேறென்ன. ஒட்டிக்கொண்டிருக்கும்போதுதான் முதலில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு, ஓர் இடைவெளி, மறுபடி மூன்று. ஒரு பெண் கையை எடுத்துவிட்டு, “உள்ள என்னமோ தட்டுதே அண்ணா” என்றாள்.

“மோட்டார் சூடு ஆறுதும்மா. இரும்பு அப்படித்தான் டப்பு டப்புன்னு அடிக்கும்” என்றேன். வாய் தானாகவே சொல்லிவிட்டது. அவள் தலையை ஆட்டிவிட்டு ஷிப்ட் அக்காவின் படத்தைத் தேடி எடுத்து ஒட்டினாள்.

உள்ளே யார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, மறுக்கவில்லை. ஆனால் நிதானமாகத்தான் யோசித்தேன். அந்த நிமிடம் திறந்தால் ஆம்புலன்ஸ் வரும், உங்கள் போலீஸ் ஆட்கள் வருவார்கள், விழா நின்றுபோகும். இருநூற்று முப்பது பேர். புதுச் சட்டை, விடுப்பு கேட்டு வந்த அப்பாக்கள், இடுப்பில் குழந்தையோடு வந்த மனைவிமார். மேடையோரத்தில் என் மகள் காகிதத்தைப் பார்த்து உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். இன்று பேசாவிட்டால் அவள் என்றைக்குமே பேசமாட்டாள் என்று எனக்குத் தெரியும். தட்டுகிற அளவுக்குத் தெம்பு இருக்கிறதே, கொஞ்ச நேரம் தாங்குவாள் என்று நினைத்தேன். விழா முடிந்ததும் முதல் வேலையாகத் திறந்துவிடலாம் என்று இருந்தேன். ஒரு தகப்பன் வேறெப்படி நினைப்பான்?

இரண்டு மணிக்கு, ஒரு நிமிடம் பிசகாமல், விழா தொடங்கியது.

ஒலிப்பெட்டியும் என் பொறுப்பு. அது பலகைச் சுவரின் ஓரத்தில், பக்கவாட்டுக் கதவுக்குப் பக்கத்தில் இருக்கும். என் மகள் பேசினாள் ஐயா. ஓர் எழுத்து தடுக்கவில்லை. அந்தக் குரலை நினைத்துப் பார்த்தால் இன்றைக்கும் எனக்கு மயிர்க்கூச்செறியும். நடனத்துக்கும் பாட்டுக்கும் நடுவே அமைதி விழும்போதெல்லாம் அந்தத் தட்டல் கேட்டது. அமைதி விழாமல் பார்த்துக்கொண்டேன். அறிவிப்புக்கு அடியில்கூட மெல்லிசாக ஓர் இசை ஓடவிட்டேன். “இன்னைக்கு சவுண்டு அருமையா இருக்குப்பா” என்று முதல்வர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

மகள் நடுவில் இரண்டு முறை ஓடி வந்தாள். “அப்பா, அக்காவப் பாத்தியா?”

“வருவா, வருவா. நீ போ, மேடையைப் பாரு.”

மூன்று மணிக்கு விருது. வகுப்பே ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்கும் நல்ல தோழிக்கான விருது. என் மகள் உறையைப் பிரித்தாள், படித்தாள், துள்ளினாள். ஷிப்ட் அக்காவின் பெயரைச் சொன்னதும் மண்டபமே எழுந்து நின்று கைதட்டியது. யாரும் மேடைக்கு வரவில்லை. கைதட்டல் தேய்ந்தது. மகள் கண்ணுக்கு மேல் கையை வைத்துக் கூட்டத்தைத் துழாவினாள். பிறகு, தானாக, எழுதிவைக்காத ஒரு வரியைச் சொன்னாள். அவள் வாழ்க்கையில் மேடையில் அடித்த முதல் ஜோக்.

“நம்ம அக்கா எங்கயாச்சும் மூலையில குறட்டை விட்டுட்டு இருப்பாங்க. எழுந்திரிங்கக்கா, உங்க ஸ்டாப் வந்துடுச்சு!”

கூட்டம் வயிறு குலுங்கச் சிரித்தது. எனக்குப் பின்னால் பலகை தட்டியது. மூன்று மூன்றாக அல்ல. படபடவென்று, கதவு திறந்துவிடும் என்று நம்புகிறவர்கள் தட்டுவதைப்போல. நான் இசையைக் கூட்டினேன்.

மறுநாள் காலையில்தான் திறந்தோம். வீட்டுக்கு வரவில்லை என்று அவள் கணவர் தேடி வந்திருந்தார். சாவியை விளையாட்டு ஆசிரியர் கையில் கொடுத்து அழுத்தச் சொன்னேன். அந்த மனிதர் நல்லவர், ஒரு வாரம் சாப்பிடவில்லை. இடுப்புக்குக் கீழே இரண்டு சட்டங்களுக்கு நடுவில் மாட்டியிருந்தாள். தெரியாமல் நுழைந்து படுத்துவிட்டாள், தூக்கத்திலேயே போய்விட்டாள், வலி தெரிந்திருக்காது என்று முதல்வர் அவள் கணவரிடம் சொன்னார். எல்லோருக்கும் அது தேவைப்பட்டது. உங்கள் ஆட்களும் அப்படியே எழுதிக்கொண்டு போனார்கள். அவளைத் தூக்கும்போது தலைப்பக்கம் பிடித்தது நான். அவள் கணவர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். நானும் அழுதேன், பொய்யாக அல்ல.

இப்போது படிகளைக் கழற்றுகிறார்கள். உள்பக்கத்துச் சட்டத்தில் சாப்பாட்டு டப்பா மூடியால் இடித்த பள்ளங்கள் நூற்றுக்கணக்கில் இருப்பதாகச் சொல்லி என்னைக் கூப்பிட்டீர்கள். அன்று இசை சத்தமாக இருந்ததா என்று கேட்டீர்கள். அதற்கு மேல் நீங்கள் எதுவும் கேட்க வேண்டியதில்லை, நானே சொல்கிறேன்.

இந்த மூன்று வருடமாக எந்தக் கைதட்டலும் எனக்கு ஒழுங்காக முடிவதில்லை. எல்லோரும் நிறுத்திய பிறகும் ஒரு ஆள் மட்டும் எங்கோ தட்டிக்கொண்டே இருக்கிறார். கூட்டத்தில் யார் என்று தேடுவேன். எல்லோர் கையும் மடியில் இருக்கும். கழற்றத் தொடங்கும்வரை, படிகளை மூடுமுன் ஆறு தடவை டார்ச் அடித்துப் பார்ப்பேன், கூட வேலை செய்கிறவர்கள் கேலி செய்வார்கள். பரவாயில்லை. என்னால் தாங்க முடியாதது வீட்டில் இருக்கிறது. மகளுக்குத் திக்கல் திரும்பிவிட்டது. அந்த ஜோக் அவள் நெஞ்சில் முள்ளாகக் கிடக்கிறது. சோறு பிசைந்துகொண்டிருப்பாள், கை நிற்கும்.

“அ... அப்பா. அப்ப அவங்க இ... இறந்திருந்தாங்கதானே? நான் சொன்னது அவங்களுக்குக் கே... கேட்டிருக்காதுல்ல?”

“கேட்டிருக்காதும்மா. சாப்பிடு” என்பேன். அவளுக்காகத்தான் எல்லாம். விழா நின்றுவிடக்கூடாது, அவள் குரல் நின்றுவிடக்கூடாது. அதற்காகத்தான் திறக்கவில்லை.

இல்லை. இதை அடித்துவிட்டு எழுதுங்கள்.

நான்கு மணிக்குக் குழுப் படம் எடுக்க எல்லோரையும் வெளி வாசலுக்குக் கூட்டிப்போனார்கள். மகளும் போனாள். அவள் பேச வேண்டியதெல்லாம் பேசி முடித்திருந்தாள், மிச்சம் இருந்தது ஆட்டம் மட்டும்தான். இருபத்தைந்து நிமிடம் மண்டபத்தில் நான் தனி. சாவி என் இடுப்பில். திறக்க நான்கு நிமிடம் போதும்.

பலகையருகே போனேன். தட்டல் நின்றது.

“அண்ணா, நீங்கதானே?” என்றாள். குரல் தெளிவாக இருந்தது. “கால் இருக்கறதே தெரியலண்ணா. திறந்துடுங்க. நீங்க எடம் குடுத்ததை நான் யார்கிட்டயும் சொல்லமாட்டேன். எம் பசங்க மேல சத்தியம்.”

எதற்குப் பயப்படுகிறேன் என்று எனக்கே புரிவதற்கு முன்னால் அவளுக்குப் புரிந்திருந்தது. சொல்லமாட்டாள் என்றுதான் தோன்றியது. ஆனால் மூன்று மணி நேரமாகத் தட்டியும் நான் திறக்கவில்லை என்பதை ஒருநாள் யாரிடமாவது சொல்லத்தானே செய்வாள்? அந்த இருபத்தைந்து நிமிடத்தில் மகளின் நினைவு எனக்கு ஒரு தடவைகூட வரவில்லை.

அவள் மறுபடியும் அண்ணா என்றாள். நான் ஒலிப்பெட்டிக்குப் போய், ஆளில்லாத மண்டபத்தில் பாட்டைப் போட்டேன்.