தீராத ரோல்

ஸ்ரீரங்கப்பட்டணத்திலிருந்து மைசூருக்கு வரும் பஸ்ஸில், என் முன் சீட்டில் நடுவயதுக் கணவனும் மனைவியும். கணவரின் மடியில் ஒரு பழைய கேமரா.

“முப்பத்தாறு படம்தான் ரோல். நாற்பது எடுத்துட்டேன், இன்னும் தீரலை” என்றார், லாட்டரி விழுந்தவரைப் போல.

“ஏன்ரீ, லீவரைத் தள்ளினா இந்தக் குமிழ் சுத்தும்னு காலைல சொன்னீங்க. இப்போ சுத்தவே இல்லையே?”

அவர் தள்ளிப் பார்த்தார். பிறகு பின்மூடியைத் திறந்தார். ஃபிலிமின் முனை சுருளில் மாட்டாமல் வெளியே நீட்டிக்கொண்டிருந்தது.

“ஒண்ணுகூடப் பதியலை. பேட்டரி வேண்டாத கேமராவாத் தேடினேன், ரோலை ஃப்ரிட்ஜ்ல வெச்சுக் காப்பாத்தினேன். மாட்டறதுல கோட்டை விட்டுட்டேன்.”

“ஹௌதா, நிஜமாவா? ஆத்தங்கரைல அத்தனை நேரம் நின்னேனே!”

“போன்ல எடுத்தா உடனே பார்த்துட்டு, நல்லா இல்லைன்னு அழிச்சுடறே. வீட்ல உன் படம் ஒண்ணுகூட இல்லை. இதுல அழிக்க முடியாதேன்னுதான் மறுபடி ஃபிலிமுக்கு வந்தேன்.”

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“அந்த ரோல் வீணாப் போச்சா?”

“இல்லை. திரும்ப மாட்டலாம்.”

“மாட்டுங்க. குமிழை நான் பார்த்துக்கறேன்.”

அவர் மாட்டி, மூடி, லீவரைத் தள்ளினார்.

“சுத்துது” என்றாள்.

அடுத்த ஸ்டாப்பில் அவள்தான் முதலில் எழுந்தாள்.

“இறங்குங்க. எதிர்ப் பக்கம் பஸ் பிடிக்கலாம். ஆத்தங்கரைல இன்னும் வெயில் இருக்கும்.”