அத்தையின் ஜெபமாலை

சென்னையில் நல்ல நீலக் கண்ணாடி மணி கிடைப்பதில்லை, ஃபாதர். வெளிச்சத்தில் பிடித்தால் உள்ளே கொஞ்சம் கடல் தெரிய வேண்டும். தி. நகர்க் கடையில் கொடுத்ததில் பிளாஸ்டிக் வாளிதான் தெரிந்தது.

என் மாமியார் மர்சலின் ஏன் இப்போது ஜெபமாலை சொல்ல முன்னால் வருவதில்லை என்று கேட்டீர்கள். அதற்குத்தான் வருகிறேன்.

நான் வீட்டில் மணி நகை செய்து விற்கிறேன். ஆகஸ்டில் அனுப்ரியா என்ற கல்யாணப் பெண் நீல மணியில் கழுத்தணியும் கம்மலும் கேட்டாள். மணி போதவில்லை. அந்த வாரம்தான் அத்தை, கம்பி தளர்ந்துவிட்டது என்று தன் ஜெபமாலையை என்னிடம் கொடுத்திருந்தார். வேளாங்கண்ணியில் வாங்கியது. நான் தேடிய அதே நீலம்.

பத்துப் பத்து மணியாக ஐந்து பத்து. ஒவ்வொரு பத்திலிருந்தும் இரண்டு மணி எடுத்தேன். ஒரே பத்தில் கை வைத்திருந்தால் அநியாயம். மாலையின் நீளம் குறையாதபடி இடையிடையே சங்கிலி வளையம் சேர்த்தேன். வேலையில் நான் யாரையும் ஏமாற்றுவதில்லை.

ஜெபமாலை சொல்பவர்கள் மனதில் எண்ணுவதில்லை என்பது உங்களுக்கே தெரியும். மணி தீர்ந்தால் பத்து தீர்ந்தது. நான் திருப்பிக் கொடுத்த அன்று சாயங்காலம், சீரியல் தொடங்கும் முன்பே அத்தை ஜெபத்தை முடித்து எழுந்துவிட்டார்.

"டீனா, இன்னைக்கு மாதா சீக்கிரமே உட்டுட்டாங்கடி."

அவரை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை. அதனால், அனுப்ரியாவின் தோழிகளும் அதே கம்மல் கேட்டபோது, இன்னும் இரண்டிரண்டு எடுத்தேன்.

அக்டோபரில் வீடு வீடாக ஜெபமாலை. வழக்கம்போல் அத்தைதான் முன்னால் சொன்னார். அமலோற்பவம் அக்கா வீட்டில் ஆறாவது மணியோடு நிறுத்தி, பத்தை முடிக்கும் 'பிதாவுக்கும் சுதனுக்கும்' ஜெபத்துக்குப் போய்விட்டார்.

"இன்னா மர்சலினு, ஆறுலயே முடிச்சிட்ட? மாதாவுக்கு ஆடித் தள்ளுபடியா? ஆடி போயி எவ்ளோ நாளாவுது!"

கூட்டம் சிரித்தது.

"என் வெரலு தப்பு பண்ணாது அமலு," என்றார் அத்தை. அடுத்த பத்தையும் ஆறில் முடித்தார்.

வீட்டுக்குப் போனதும் மாலையை எண்ணிப் பார்ப்பார் என்று எனக்குப் புரிந்தது.

"குடுங்க அத்தை, கம்பி சிக்கிக்கினு கீது, பாத்துத் தரேன்," என்று வழியிலேயே வாங்கிக்கொண்டேன். அன்று காலை கூரியரில் அதே நீலத்தில் புது மணி வந்திருந்தது. அவர் சமையலை முடிப்பதற்குள் பழையபடி கோத்துக் கொடுத்துவிட்டேன்.

அத்தை எண்ணினார். எல்லாப் பத்திலும் பத்து. திரும்பவும் எண்ணினார்.

"மாலை சரியாத்தான் கீது. எனக்குத்தான் மண்ட கொயம்பிப் போச்சா, டீனா?"

உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அந்த மாலைமேல் அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அதை உடைக்க எனக்கு மனம் வரவில்லை.

என் கணவர் ஷெல்டன் அவரை அடையாறில் ஒரு டாக்டரிடம் அழைத்துப் போனார். ஸ்கேனில் ஒன்றுமில்லை, வயதாகிறது என்றார்கள். இப்போது அமலோற்பவம் அக்கா முன்னால் சொல்கிறார். அத்தை கடைசியில், கதவோரம், உதடு அசைக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.

ஞாபகசக்திக்குக் கைவேலை நல்லது என்றாராம் டாக்டர். அதனால் என் ஆர்டர்களுக்கெல்லாம் இப்போது அத்தைதான் மணி கோக்கிறார், வாய்விட்டு எண்ணிக்கொண்டு. ஒருமுறைகூடத் தப்பு வந்ததில்லை, ஃபாதர். இருந்தாலும் அவர் சரத்தை நீட்டும்போதெல்லாம், "எதுக்கும் இன்னொரு வாட்டி எண்ணிப் பாத்துடுங்க அத்தை" என்று சொல்வேன். வேறு எந்த மருமகள் இவ்வளவு அக்கறையாகப் பார்த்துக்கொள்வாள்?