குடுக்கை இன்னும் காயலை

— முர்சிக் எங்க, தாப்சுபெய்?

— குடுக்கை இன்னும் காயலை, செரோனோ அப்பா. காய்ச்சின பால்தான் இருக்கு. ஆத்திக் கொண்டாந்திருக்கேன், குடிங்க.

— புதன்கிழமையும் காயலைன்னே.

— மழை பெய்யுதில்ல. ஈரச் சுரைக்குடுக்கையில கரியைத் தடவிப் பாலை ஊத்தினா முர்சிக்காப் புளிக்காது, நாறும்.

— மழைன்னா அடுப்புக்கு மேல பரண்ல கவுத்து வெப்பே. புகையிலயே காஞ்சிரும். நாப்பது வருஷமாப் பாக்கிறேன்.

— ஆம்பளைக்கு அடுப்பங்குடிசையில என்ன பார்வை?

— கல்யாணமான புதுசுல பாலையா பாத்தேன்...

— சும்மா இருங்க. பேசினா இருமல் வரும்.

— சரி. போன வாரம் ஊத்தி வெச்சியே, அது?

— அது... கெட்டுப்போச்சு. சூடு ஆறுறதுக்குள்ள மூடிட்டேன். உள்ளயே வேர்த்திருச்சு.

— நீயா? நம்ம பொண்ணு செரோனோவுக்கு நீ சொல்லிக்குடுத்தது இன்னும் என் காதுல இருக்கு. வெரலை விட்டா சூடும் தெரியக்கூடாது, சில்லுன்னும் இருக்கக்கூடாது, அப்பத்தான் ஊத்தணும்னு.

— வயசாகுது எனக்கும். மறந்துட்டேன்.

— அதுக்கு முந்தின வாரம்?

— காலைப் பாலையும் சாயங்காலப் பாலையும் ஒண்ணா ஊத்திட்டேன்.

— ம்... இருக்கிற தப்பையெல்லாம் ஒரே மாசத்துல பண்ணிட்டே. எங்கம்மா இருந்திருந்தா உன்னை உங்க வீட்டுக்கே அனுப்பியிருப்பா.

— உங்கம்மாவா? வெண்ணெயை உப்புத் தண்ணியில முக்கி வெச்சா ஊசாதுன்னு அவங்களே என்கிட்டதான் கத்துக்கிட்டாங்க.

— செத்தவளை எதுக்கு இழுக்கிறே?

— நீங்கதான் இழுத்தீங்க. பாலைக் குடிங்க.

— அடிப்பிடிச்ச வாடை வருது.

— வராது. பாத்திரத்தைப் பச்சைத் தண்ணியில அலசி, துடைக்காம அப்படியே பாலை ஊத்தினேன். அடிப்பிடிக்காது. ஏட்டையும் எடுத்தாச்சு, தொண்டையில ஒட்டாது.

— வெச்சிட்டுப் போ. குடிக்கிறேன்.

— என் கண்ணு முன்னால குடிங்க.

— நான் என்ன கன்னுக்குட்டியா, மூஞ்சியைப் புடிச்சு வாளியில அமுக்க? போ, ஆறட்டும்.

— ஆறினதைத்தான் கொண்டாந்தேன்... காலையில குடுத்தது இறங்குச்சா?

— இறங்குச்சு.

— நேத்து ராத்திரி கஞ்சி?

— அதுவும்தான்.

— கஞ்சியை இறக்கி வெச்சு, கொதி அடங்கினப்புறம்தான் பாலை ஊத்தினேன். கொதிக்கிறப்ப ஊத்தினா திப்பி திப்பியாத் திரிஞ்சிரும். டாக்டர் என்ன சொன்னாரு, தொண்டையில இருக்கிற கட்டிக்கு இந்தப் பக்கம் ஒரு சோளக்குருணை நின்னாக்கூட...

— தெரியும். நல்லா இருந்துச்சு.

— என்ன ருசியா இருந்துச்சு?

— பால் ருசிதான். வேற என்ன?

— தேன் ஊத்தியிருந்தேன்.

— ... ஆமா. தேனும்தான். சொல்ல வந்தேன்.

— எவ்வளவு ஊத்தினேன்?

— என்னடி, போலீஸ் மாதிரி கேக்கிறே? தொண்டையில கட்டி வந்தவனுக்கு நாக்கு மட்டும் ஒழுங்கா இருக்குமா?

— செரோனோ சனிக்கிழமை நைரோபியிலேருந்து வர்றா. இப்படி எலும்பாக் கெடந்தா என்னைத்தான் கேப்பா.

— அப்ப ஒண்ணு பண்ணு. பக்கத்துல எஸ்தர் வீட்டுல ஒரு குவளை முர்சிக் வாங்கிட்டு வா. அது வழுவழுன்னு தானா இறங்கும்.

— வேணாம்.

— ஏன்?

— அவ எந்தச் செடியை எரிச்சுக் கரியாக்குறாளோ.

— இந்த மலையில எல்லாரும் அதே மஞ்சப்பூச் செடியைத்தான் எரிக்கிறாங்க.

— வேணாம்னா வேணாம்.

— ஒரு குவளைதானே கேக்கிறேன். பிரியாணியா கேட்டேன்?

— என்ன கேட்டாலும் தர்றேன். டீ கேளுங்க, மோர் கேளுங்க, நெய்யை உருக்கித் தொண்டையில விடச் சொல்லுங்க. அதை மட்டும் கேக்காதீங்க.

— தாப்சுபெய்... ஏன் அழறே?

— புகை.

— அடுப்பு அங்க, வெளிக்குடிசையில இருக்கு. இங்க ஏது புகை?

— நான் போறேன், மாட்டைக் கட்டணும்.

— இந்தப் பக்கம் திரும்பு. குடுக்கைக்கு என்னாச்சு?

— குடுக்கையே இல்ல.

— ஒண்ணு கூடவா?

— ஆறையும் ஒடச்சு எரிச்சிட்டேன். எங்கம்மா சீரா மணி கோத்துக் குடுத்ததையும்.

— எதுக்கு?

— நீங்க எக்ஸ்ரே அறைக்குள்ள இருந்தப்போ... அந்த நர்ஸம்மா. வீட்டுல முர்சிக் குடிப்பாரான்னு கேட்டா. ஆமா, நானே பண்ணுவேன், தெனமும் குடிப்பாருன்னு பெருமையாச் சொன்னேன். அவ எழுதிக்கிட்டா. அப்புறம்... அந்தப் புளிச்ச பாலு, அந்தக் கரி... இந்தக் கட்டி வர்றதுக்கு அதுவும் ஒரு காரணமா இருக்கலாம்னா.

— இருக்கலாம்னாளா, அதுதான்னாளா?

— இருக்கலாம்னா. யாருக்கும் நிச்சயமாத் தெரியாதாம்.

— அப்புறம் என்ன? ஊரே குடிக்குது. நீயும்தான் குடிச்சே.

— நான் ஒரு வாய் குடிச்சிருப்பேன். குடுக்கையோட அடியில கெட்டியா, கருப்பா நிக்குமே, அதுதான் உடம்புக்கு நல்லதுன்னு புள்ளைங்களுக்குக் கூடத் தராம உங்களுக்குத்தான் எடுத்து வெச்சேன். ஒரு நாளா, ரெண்டு நாளா? நாப்பது வருஷம். என் கையால... ஏதாவது சொல்லுங்க. திட்டவாவது செய்யுங்க, செரோனோ அப்பா.

— அந்த நர்ஸ் பொண்ணு அதை மொதல்ல சொன்னதே எங்கிட்டதான், தாப்சுபெய். உங்கிட்ட சொல்ல வேணாம்னு கெஞ்சிட்டுத்தான் எக்ஸ்ரேக்குள்ள போனேன். நாலு நாளாத் தண்ணி கூட இறங்கலை, நீ தர்ற பாலையெல்லாம் ஜன்னல் வழியாக் கொட்டிக்கிட்டிருக்கேன், முர்சிக் கெடச்சா மட்டும் குடிச்சிருப்பேனா? கேக்கிறதை நிறுத்தினா ஏன்னு கேப்பே, சொன்னா நீ உன் கையையே பாத்துக்கிட்டு உக்காந்துருவேன்னுதான் தெனமும் கேட்டேன்.