பாய்த்துணிச் சட்டை

மழைக்காலத்தில் புத்தகங்களைக் காப்பாற்றுவது பெரும்பாடு. ஈரத்துக்கும் பூச்சிக்கும் நல்ல புத்தகம், கெட்ட புத்தகம் என்ற பேதமில்லை. பேதம் பார்ப்பது என் வேலை. எங்கள் பதிப்பகத்தில் ஆசிய வரலாறு, பண்பாடு பற்றிய நூல்கள் இருபத்தாறு வருடங்களாக என் கையைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகின்றன. நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். உங்கள் உத்தியோகத்தில் படிக்க நேரம் ஏது.

இப்போதெல்லாம் ஆளாளுக்கு வரலாறு எழுதுகிறார்கள். ஓய்வுபெற்ற பல் மருத்துவர் பட்டுச் சாலையைத் தூக்கிக்கொண்டு வருகிறார். விமானத்தில் நாலு ஊர் பார்த்தவர் நாகரிகங்களை ஒப்பிடுகிறார். தேநீர் கொடுத்து அனுப்பிவிடுவேன்.

இந்த அம்மாள் தையல்காரி. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒற்றை மெஷின் போட்டுப் பள்ளிச் சீருடை தைப்பவர். ஆசியக் கடல்களில் துணி பயணம் செய்த கதையை எழுநூறு பக்கம் எழுதியிருந்தார். பதினான்கு வருடம் விடுமுறை நாட்களில் அருங்காட்சியகங்களுக்குப் போய், பழந்துணிகளின் தையலை மட்டும் பார்த்துக் குறிப்பெடுத்தாராம். சிரித்துக்கொண்டே படித்தேன். மூன்று அத்தியாயம் வரை சிரித்தேன்.

நான்காவதில், துறைமுக அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு துணித் துண்டு வந்தது. அது மிளகுப் பை என்று என் நூலில் நிறுவியிருக்கிறேன். அந்தக் காலத்து வணிகக் கப்பல்களில் பெண்கள் போனதில்லை என்பது என் முடிவு. கல்லூரிகளில் இன்றும் அதுதான் பாடம்.

"அது பை இல்ல சார், குழந்தைச் சட்டை" என்றார், என் எதிரே உட்கார்ந்து. "தையல் மடிப்பு வெளிப்பக்கமா இருக்கு பாருங்க. உள்ள இருந்தா பிள்ளை உடம்புல உறுத்தும். மூணு தடவை பிரிச்சுப் பெருசாக்கியிருக்காங்க. மூணு தடவையும் ஒட்டுப் போட்டது கப்பல் பாய்த்துணிதான். அந்தப் பிள்ளை கடல்லயே வளர்ந்திருக்கு. அம்மாவும் கூட இருந்திருக்கா."

அந்த அத்தியாயம் வேண்டாம் என்றேன்.

"தப்புன்னா எடுத்துடறேன் சார். எங்க தப்புன்னு மட்டும் காட்டுங்க."

குரலில் துடுக்கு இல்லை. நிஜமாகவே கேட்டார். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பினேன். முதலாளி என்னைக் கேட்காமலே, இந்த வருடத்தின் முதல் புத்தகம் இதுதான் என்று அறிவித்துவிட்டார். அவருக்கு அட்டைப்படம் அழகாக இருந்தால் போதும்.

எங்கள் புத்தகக் கிடங்கு என் அறைக்கு நேர் கீழே, நிலவறையில் இருக்கிறது. ஒவ்வொரு மழைக்காலத்திலும் அதைப் பூச்சிப்புகை போட்டு ஒரு நாள் முழுக்க மூடி வைப்போம். தேதி குறிப்பது நான். அன்று காலை பதினோரு மணிக்கு வரச் சொல்லியிருந்தேன், அந்த அம்மாளை. பழைய கப்பல் படங்கள் கடைசி அலமாரியில் இருக்கின்றன, நிதானமாகப் பாருங்கள் என்றேன். "உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு சார்" என்று படியிறங்கிப் போனார்.

பதினொன்றே காலுக்குப் புகை போடுகிறவர் வந்தார். ஒழுங்கான மனிதர்.

"உள்ள ஒருதரம் பாத்துட்டு மூடிடறேன் சார்."

"நான் இப்பத்தான் பாத்துட்டு வரேன். யாரும் இல்ல. வேலையை முடிங்க."

படித்தவர் சொன்னால் நம்புகிறவர் அவர். கதவருகிலேயே வேலையை முடித்து, கதவைப் பூட்டி, இடுக்கெல்லாம் நாடா ஒட்டி, சாவியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். அவரை மூன்று நாளாக அடைத்து வைத்திருக்கிறீர்கள். விட்டுவிடுங்கள். அவர் அழுது உங்கள் வேலையும் கெடுகிறது.

நான் மேலே போய் நான்காம் அத்தியாயத்தை எடுத்துவிட்டுப் பக்க எண்களைச் சரிசெய்தேன். கீழே தட்டும் சத்தம் கேட்டது. மேசைமேல் பேனாக்கள் லேசாக அதிர்ந்தன. சுமார் இருபது நிமிடம். இடையில் ஒருமுறை ஜன்னலைச் சாத்தினேன், தெருவில் யாருக்கும் தொந்தரவு வேண்டாமே என்று.

மறுநாள் முதலாளி அழுதுகொண்டே தன்னிடமிருந்த முழுப் பிரதியை அச்சுக்கு அனுப்பினார். அது அவரிடம் இருப்பது எனக்குத் தெரியாது. முன்னுரையைப் பார்த்தேன். நன்றி சொல்லியிருந்தது எனக்கு மட்டும்தான்.

பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். ஒரு தையல்காரியின்மேல் எனக்கென்ன பொறாமை? தகுதியில்லாத நூல் ஒன்றை வாசகர்களிடமிருந்து தடுக்கப் பார்த்தேன், அவ்வளவுதான். அருங்காட்சியகத்துக்கு நானும் போனேன், பூதக்கண்ணாடியோடு, இரண்டு நாள். அந்த அம்மாள் சொன்னதில் எங்கேயாவது ஒரு தப்பு கிடைத்திருந்தால், அவரை உயிரோடு விட்டிருப்பேன்.