சுற்றி அறுத்துக்கொண்டு போனார்கள்

பாபநாசம் பஸ்ஸில் எனக்குப் பின் சீட்டில் இருந்த பெரியவர், பக்கத்தில் இருந்த ஜவுளிக்கடை பாயிடம் சொன்னார்:

"என்னோட சண்டைக்குக்கூட யாரும் வரமாட்டேங்கிறாங்க பாய்."

"என்னங்க ஆச்சு?"

"நேத்து என் நிலத்துல குத்தகைக்காரன் அறுப்பு வச்சுட்டான், எனக்குச் சொல்லவே இல்ல. முன்னெல்லாம் நான் வந்து நிக்காம அருவா வைக்க மாட்டாங்க. தடுக்கலாம்னு நடு வயல்ல போய் நின்னேன்."

"அடிச்சுட்டாங்களா?"

"அடிச்சிருந்தாக்கூடத் தேவலையே. என்னைச் சுத்தி அறுத்துக்கிட்டே போயிட்டாங்க. ஏன் நிக்கிறேன்னு ஒருத்தரும் கேக்கல."

"வீட்ல சொன்னீங்களா?"

"வீட்ல யாரு இருக்கா? பசங்க பம்பாயில."

நான் திரும்பிப் பார்க்கவில்லை.

"பொழுது சாஞ்சதும் வரப்பேறினேன். நான் நின்ன இடத்துல மட்டும் நாலு தூர் நெல்லு மிச்சம் இருந்துச்சு. நான் நகர்றதுக்காகவே காத்திருந்த மாதிரி ஒரு பொம்பள வந்து அதையும் அறுத்துட்டா."