எலாதியோவுக்கு நாற்பது

மார்லா: நாப்பதா? எலாதியோவுக்கா?

வெண்டல்: ம்.

மார்லா: எண்பதுக்கு நாப்பது! அப்படிப் போட்டா அவன் இந்தப் பலகையிலயே இருக்க முடியாது, வெண்டல்.

வெண்டல்: அவன் பேர் ஒட்டின காந்தத்த எடுத்து டப்பாவுல போடு.

மார்லா: அவசரப்படாதீங்க. நம்ம பேஸ்பால் அணி விடாம வெச்சுக்கற பசங்க பட்டியல்ல ஒரே இடம்தான் பாக்கி. அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும். இதுல பேர் இல்லன்னா டிசம்பர்ல எந்த அணி வேணாலும் அவன தூக்கிட்டுப் போகலாம்.

வெண்டல்: தூக்கறவன் வருஷம் பூரா பெரிய லீக்லயே வெச்சிருக்கணும். இவன யாரு வெச்சுக்கப் போறா?

மார்லா: ஆகஸ்ட்ல நீங்க எழுதின அறிக்கை இதோ. "பந்து எறியற கை அறுபது. ரெண்டாவது, மூணாவது தளத்துக்கு நடுவுல, ஷார்ட்ஸ்டாப் இடத்துல இவன் நின்னு தடுத்தா அந்தப் பக்கம் கவலையே இல்ல." யார் கையெழுத்து இது?

வெண்டல்: ஆகஸ்ட் வெயில்... கண்ணு கூசியிருக்கும்.

மார்லா: முப்பது வருஷமா பசங்கள எடை போடற கண்ணு. அப்பல்லாம் கூசலையா?

வெண்டல்: வயசாகுதுல்ல.

மார்லா: சரி, அவனுக்குப் பதிலா யாரு?

வெண்டல்: பிரிக்ஸ்.

மார்லா: பிரிக்ஸா! அவன் பந்து வீசறதப் பாத்துட்டு, தபால் வண்டி இதவிட வேகமாப் போகும்னு போன மாசம் சொன்னது யாரு?

வெண்டல்: இப்ப தேறிட்டான்.

மார்லா: ஒரே மாசத்துல?

வெண்டல்: பிரிக்ஸ் பேர எழுது, மார்லா.

மார்லா: எலாதியோவ பதினாறு வயசுல தோமினிக்கன் நாட்டுல பாத்து கூட்டிட்டு வந்ததே நீங்கதான். அவங்கம்மாகிட்ட ஏதோ சொன்னீங்களாமே?

வெண்டல்: பெரிய லீக்ல ஆடுவான்னு சொன்னேன். அந்தம்மா நம்பிட்டாங்க.

மார்லா: அப்புறம்?

வெண்டல்: ஜூலைல நம்ம ஆளுங்க பெரிய லீக் அணியில அதே ஷார்ட்ஸ்டாப் இடத்துல ஆடறவனுக்கு எட்டு வருஷ ஒப்பந்தம் குடுத்துட்டாங்க. எட்டு வருஷமும் இவன் சின்ன லீக் பஸ்ல உக்காந்து கடலை வெண்ணெய் ரொட்டி தின்னணுமா?

மார்லா: வேற அணிக்கு மாத்திக் குடுக்கச் சொல்லலாமே...

வெண்டல்: மூணு வாட்டி கேட்டேன். "இருக்கட்டும், யாருக்காவது அடிபட்டா உதவுவான்"னாங்க. உதிரி டயரா அவன்?

மார்லா: அப்ப குறை அவன் கையில இல்ல.

வெண்டல்: நான் அப்படிச் சொல்லல. நாப்பதுன்னுதான் சொன்னேன்.

மார்லா: வெண்டல்... ஒண்ணு சொல்லணும். மேல இருக்கறவங்க இன்னிக்கு எடை போடறது பசங்கள மட்டும் இல்ல. உங்க கண்ணு போச்சுன்னு பேசிக்கறாங்க. நாளைக்கு அவன் வேற அணியில ஜொலிச்சா, உங்க வேலை...

வெண்டல்: தெரியும்.

மார்லா: யார் சொன்னா?

வெண்டல்: பதினோரு வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்கு நீயே காபி ஊத்திக் குடுத்த.

மார்லா: தெரிஞ்சுமா? இன்னும் நேரம் இருக்கு. அறுபதுன்னு மாத்துங்க.

வெண்டல்: நாப்பது. எழுதிக்கோ.

மார்லா: ...எழுதிட்டேன். இனிமே மாத்த முடியாது. இப்பவாவது நிஜத்தச் சொல்லுங்க.

வெண்டல்: எழுபதும்மா. ஆகஸ்ட்லயே பத்து குறைச்சுத்தான் எழுதினேன்.

மார்லா: எனக்கும் எழுபதுதான். அந்தப் பேனாவ இப்படித் தள்ளுங்க... உங்க கையெழுத்துக்குக் கீழ என்னோடதும் வேணும்.