கோபம் வராதவனுக்கு ஒரு கோப வகுப்பு

எனக்குக் கோபம் வராது, இன்ஸ்பெக்டர் ஐயா. ஏழாயிரம்பண்ணையில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள். பக்கத்தில் இடி விழுந்தால்கூட, யாருப்பா அது என்று விசாரித்துவிட்டுத்தான் திரும்பிப் பார்ப்பேன். பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற அறையில் முப்பத்தோரு வருசம். அங்கே வாளியை ணங்கென்று வைக்கிறவன் வீட்டுக்குப் போகமாட்டான். வீட்டுக்குச் செய்திதான் போகும்.

என் சம்சாரம் அய்யம்மாள் அதே கம்பெனியில் சரவெடி பின்னுகிறவள். அவளை நான் அடித்தது உண்டு. கோபத்தில் அல்ல. குழம்பில் உப்புக் கூடினால் ஒன்று, தெருவில் நின்று பேசினால் இரண்டு என்று ஒரு ஒழுங்கு வைத்திருந்தேன். ஒழுங்கு இல்லாத வீடு ஒரு வீடா?

இரண்டாயிரத்து எட்டு ஆடியில் அவள், ஆலங்குளத்தில் கட்டிக்கொடுத்த மகள் ரோஜா வீட்டுக்குப் போய் உட்கார்ந்துகொண்டாள். ரோஜா விருதுநகரில் பெண்கள் பாதுகாப்பு ஆபீசில் மனுக் கொடுத்துவிட்டாள். அங்கே ஆலோசனை சொல்ல இசைவாணி என்று ஒரு பிள்ளை. சின்ன வயசு, நல்ல குணம். பெண்டாட்டியை அடிக்கிறவர்களுக்கென்று நாலு வகைப் பயிற்சி வைத்திருந்தது. நாலையும் என் முன்னால் விரித்து, உங்களுக்கு எது சரிப்படும் ஐயா என்று என்னையே கேட்டது. ஜவுளிக்கடையில்கூட என்னை அம்புட்டு மரியாதையாகக் கேட்டதில்லை.

முதலாவது குடியை நிறுத்த. நான் குடிப்பதில்லை. அடுத்தது புருசனையும் பெண்டாட்டியையும் சேர்த்து உட்காரவைத்துப் பேசுவது. எங்களுக்குள் பேச என்ன இருக்கிறது? இன்னொன்று ஆறு மாதம். வாராவாரம் ஆண்களைக் கேள்வி கேட்பார்களாம். வீட்டுக்காரியைத் தனியாகக் கூப்பிட்டும் விசாரிப்பார்களாம். அது எனக்குப் பிடிக்கவில்லை. "தீபாவளி சீசன் தாயி, கம்பெனியில விடமாட்டாக" என்றேன். அந்தப் பிள்ளையும் நம்பியது. கடைசியில் இருந்தது கோபத்தை அடக்குகிற வகுப்பு. நாலே வாரம். அதையே எடுத்துக்கொண்டேன்.

கை ஓங்குமுன் பத்து வரை எண்ண வேண்டும் என்றார்கள். நான்தான் முதல் மாணவன். பக்கத்து ஆள் ஐந்தைத் தாண்டமுடியாமல் நாற்காலியை உதைத்தார். அவருக்கு நான்தான் தண்ணீர் கொடுத்து ஆற்றினேன். திருந்தியவர் என்று சான்றிதழ் கொடுத்தார்கள். அந்தத் தாளைக் காட்டித்தான் அய்யம்மாளை வீட்டுக்குக் கூட்டிவந்தேன்.

வீட்டிலும் எண்ணினேன். சத்தமாக, நிதானமாக. ஆறு வருவதற்குள் கையில் இருப்பதைக் கீழே வைத்துவிடுவாள். எட்டு வந்தால் அடுப்பு மூலையில் சுருண்டு உட்கார்ந்துவிடுவாள். கை வைக்கிற வேலையே இல்லாமல் போனது. படிப்பு என்றால் படிப்புதான் ஐயா.

ஒரு மாதம் கழித்து இசைவாணி விசாரிக்க வந்தது. என்னையும் பக்கத்தில் வைத்துக்கொண்டே, இப்போது அடிக்கிறாரா என்று அவளைக் கேட்டது.

"இல்ல தாயி. எண்ணுறாரு. அத நிப்பாட்டச் சொல்லுங்க."

"எண்ணட்டும்மா. அதுதான நான் சொல்லிக் குடுத்தது."

சிரித்துக்கொண்டே எழுதியது. அய்யம்மாள் அந்தப் பிள்ளையின் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை கம்பெனி வேன் வந்து ஆரன் அடித்தது. அவள் கையில் தூக்குச்சட்டி இல்லை, துணிப்பை இருந்தது. மகள் வீட்டுக்குப் போகிறேன், இனி வரமாட்டேன் என்றாள். வாசலை மறித்து நின்று எண்ண ஆரம்பித்தேன். எட்டும் வந்தது. அவள் உட்காரவில்லை.

"ஒம்பது, பத்து. நானே சொல்லிட்டேன். வழிய விடுங்க."

உலக்கை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு தடவைதான். இரண்டாவதற்கு வேலை இருக்கவில்லை. துணிப்பையை எடுத்து ஆணியில் மாட்டினேன். வெளியே போய், அவ இன்னைக்கு வரமாட்டா, நீங்க கிளம்புங்க என்று வேன்காரரிடம் சொன்னேன். பாவம், மற்ற பெண்கள் எம்புட்டு நேரம் காத்திருப்பார்கள்?

ஆக, நான்தான் செய்தேன். கோபத்தில் செய்தான் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். ரோஜாதான் ஆஸ்பத்திரி வாசலில், பெற்ற தகப்பன் என்றும் பாராமல் என்மேல் மண்ணை வாரித் தூற்றினாள். என் மகளுக்குக் கோபம் ரொம்ப அதிகம் ஐயா. அவளுக்கு எந்த வகுப்பு சரிப்படும் என்று கொஞ்சம் பார்த்துச் சேர்த்துவிடுங்கள்.